டிரான்ஸ்மிட்டரோடு டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா?

"அண்ணே, தியோமான் தீவில் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மொத்தம் 22 டைவ். இதுவரை வாடகைக் கம்ப்யூட்டர்தான். செப்டம்பரில் நண்பர்களோடு இந்தோனேசியாவின் மனாடோ போகிறோம். அதற்குள் சொந்தமாக ஒயர்லெஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட நினைக்கிறேன். எதை வாங்குவது? வாங்கிய பிறகு பழைய கேஜையும் ஹோஸையும் கழற்றிவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வரி: டைவ் கம்ப்யூட்டர் என்பது உடம்பில் ஏறும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி. ஒயர்லெஸ் என்றால் டிரான்ஸ்மிட்டர் ஒன்று டேங்க் அழுத்தத்தையும் அதற்கு அனுப்பும். வாங்குங்கள் தம்பி. ஆனால் ஒயர்லெஸ் இருக்கிறதா என்பதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் தண்ணீருக்குள் ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்பது முதல் கேள்வி. அது போடுகிற கணக்கு உங்களுக்குப் புரிகிறதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகு டிரான்ஸ்மிட்டரைப் பற்றி யோசிக்கலாம். டேங்க் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜை மட்டும் கழற்ற வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று முடிவு செய்ததே நல்ல முடிவு. காலையில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று என்று மாறிப்போனால், காலை டைவில் உங்கள் உடம்பில் தங்கிய நைட்ரஜனைப் பற்றி மதியக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. உங்களைப் புதிதாக வந்த ஆளாக நினைத்துக் கணக்குப் போடும். படகில் இது நான் பலமுறை பார்த்த விஷயம். இடைவேளையில் எல்லாரும் கழற்றி ஒரே கூடையில் போடுவார்கள். அடுத்த டைவுக்குக் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டுவார்கள்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வகுப்பில் பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணை பார்த்திருப்பீர்கள். அதிகபட்சம் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் தங்கலாம். டைவ் முழுவதும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக வைத்துக்கொண்டு அட்டவணை கணக்கிடும். நாம் அப்படியா போகிறோம்? தியோமான் பக்கம் ஒரு பாறைத்திட்டில் 24 மீட்டர் வரை இறங்கி ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு, மீதி நேரத்தை 12 மீட்டரில் பவளத்தைப் பார்த்தபடி கழிக்கிறோம். கம்ப்யூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, அந்த ஆழத்தில் இருந்த நேரத்துக்கு மட்டும் நைட்ரஜனைக் கூட்டுகிறது, மேலே வந்தால் கழிக்கிறது. நமக்குக் கூடுதல் நிமிடங்கள் கிடைப்பது அதனால்தான்.

இந்தக் கணக்கின் வேர் 1908இல் ஹால்டேன் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து அவர் கண்டதை, பிற்பாடு சூரிக்கில் இருந்த ஆல்பர்ட் பியூல்மன் என்ற மருத்துவர் விரிவாக்கினார். அவருடைய இசட்எச்எல்-16 கணக்கு உடம்பை 16 திசுக்களாகப் பிரிக்கிறது. வேகமான திசு சில நிமிடங்களில் பாதி நிரம்பிவிடும். ஆக மெதுவானதற்கு 635 நிமிடம் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று டைவ் வீதம் மனாடோவில் நான்கு நாள் போனால், அந்த மெதுவான திசுக்கள் ராத்திரியில்கூட முழுதாகக் காலியாகாது. மூன்றாம் நாள் காலையில் கம்ப்யூட்டர் உங்களுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் தயாரிக்கிற நிறுவனங்களில் ஷியர்வாட்டரும் கார்மினும் இந்த பியூல்மன் கணக்கையே பயன்படுத்துகின்றன. சுண்டோ பல ஆண்டுகளாக ஆர்ஜிபிஎம் என்ற வேறொரு வழியில் வந்தது. ஓஷியானிக் சில மாடல்களில் இரண்டு கணக்குகளை வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எது சிறந்தது என்று படகில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பொழுதுபோக்கு டைவ் செய்கிற நமக்கு அதில் பெரிய பயனில்லை. எந்தக் கணக்காக இருந்தாலும், எச்சரிக்கை அளவை மாற்ற முடிகிறதா, அந்த மாற்றம் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். உதாரணமாக ஷியர்வாட்டரின் பொழுதுபோக்கு முறையில் மூன்று நிலைகள்: 45/95, 40/85, 35/75. பின்னால் உள்ள எண்ணைக் கவனியுங்கள். மேலே வந்து சேரும்போது பியூல்மன் சொன்ன உச்ச வரம்பில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பதை அது குறிக்கிறது. 85 என்றால் வரம்புக்குப் பதினைந்து சதவீதம் கீழேயே நிற்கிறோம் என்று பொருள். எனக்கு நாற்பத்தாறு வயது, உடம்பும் கொஞ்சம் பருமன். நான் 35/75இல் வைத்திருக்கிறேன். கூட வருகிறவரின் கம்ப்யூட்டர் வேறு கணக்கில் ஓடினால், இரண்டில் எது குறைந்த நேரம் காட்டுகிறதோ அதையே இருவரும் பின்பற்ற வேண்டும்.

இனி திரைக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், ஏனென்றால் அடிபட்டுக் கற்றது.

நான் முதலில் வாங்கிய கம்ப்யூட்டர் கைக்கடிகாரம் போலச் சின்னது. கடை வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு முதல் டைவ் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில். நம் ஹந்து எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல நாளிலேயே மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு மழை பெய்து கலங்கி, ஒன்பது மீட்டரில் பச்சையும் பழுப்புமாக டீ போலத் தண்ணீர். கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். சாம்பல் திரையில் சாம்பல் எழுத்து. ஆழம் தெரிந்தது. நோ-டெக்கோ நேரம், அதாவது வழியில் நின்று நைட்ரஜனை வெளியேற்றாமல் நேராக மேலே வர மிச்சமிருக்கிற நேரம், ஒரு மூலையில் எறும்பு அளவில் இருந்தது. அழுத்தத்தைப் பார்க்க ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கையுறையோடு தடவி அமுக்கினால் வேறு பக்கம் போய்விட்டது. இதற்குள் கூட வந்த கூட்டாளியின் துடுப்பு கலங்கலில் மறைந்துவிட்டது. ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மேலே வந்து சேர்ந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரையைப் படிக்க நான் செலவழித்த ஏழெட்டு விநாடியில்தான் அவரைத் தவறவிட்டேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் முகக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய் மாட்டிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை டைவ் நிலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கையை நீட்டி, ஒரு விநாடி மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். ஆழம், மீதமுள்ள நோ-டெக்கோ நேரம், டேங்க் அழுத்தம் மூன்றும் மனதில் நின்றனவா? எந்தப் பொத்தானும் அமுக்காமல் மூன்றும் ஒரே திரையில் இருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வேறு சேர்ந்துகொள்ளும். அவர்களுக்குப் பெரிய செவ்வகத் திரைதான் சரி. உங்களுக்கு வயது குறைவு, கடிகார வடிவம் பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் வண்ணத்திரையாக இருக்கட்டும். சாதாரண நிலையில் வெள்ளையும் பச்சையும், எச்சரிக்கையில் மஞ்சள், ஆபத்தில் சிவப்பு என்று நிறம் மாறினால், எண்ணைப் படிப்பதற்கு முன்பே கண் புரிந்துகொள்ளும்.

சரி, ஒயர்லெஸ்.

மூச்சுக் கருவியான ரெகுலேட்டரில், டேங்க்கோடு சேரும் பகுதிக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்று பெயர். அதில் உள்ள உயர் அழுத்தத் துளை ஒன்றில் டிரான்ஸ்மிட்டரைத் திருகி மாட்டுவார்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு சிறு குப்பி போல இருக்கும். டேங்க் அழுத்தத்தை அளந்து சில விநாடிகளுக்கு ஒருமுறை உங்கள் கைக்கு அனுப்பும். போனில் இருக்கிற புளூடூத் அலை கடல்நீரில் சில அங்குலம்கூடப் போகாது, உப்புநீர் அதை விழுங்கிவிடும். அதனால் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் மிகக் குறைந்த அதிர்வெண் ரேடியோவைப் பயன்படுத்துகின்றன. அதுவும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வரைதான் எட்டும். நம் தோளிலிருந்து மணிக்கட்டு வரை என்பதால் அது போதும். கார்மின் மட்டும் வேறு வழியில் போயிற்று. அதன் டி1 டிரான்ஸ்மிட்டர் ஒலி அலையில் பேசுகிறது, சுமார் 10 மீட்டர் வரை எட்டும். கூட வருகிறவருக்கும் அதே ஏற்பாடு இருந்தால் அவருடைய டேங்க் அழுத்தத்தையும் உங்கள் மணிக்கட்டில் பார்க்கலாம். மனைவியோடு அல்லது பிள்ளையோடு டைவ் செய்கிறவர்களுக்கு இது மிக உதவும்.

ஹோஸ் ஒன்று குறையும் என்பதற்காகவே பலர் ஒயர்லெஸ் கேட்கிறார்கள். எனக்கு அதில் கிடைத்த உண்மையான லாபம் வேறு. நான் எப்படி மூச்சு விடுகிறேன் என்று அது எனக்குக் காட்டியது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நாம் சாதாரணமாகப் பயன்படுத்துகிற அலுமினிய டேங்க் 11.1 லிட்டர். அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வோம். 200 பாரில் தொடங்கி 50 பாரில் மேலே வருகிறோம், கையில் 150 பார். 15 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் 2.5 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறவர் அங்கே 50 லிட்டர் இழுப்பார். டேங்கில் நிமிடத்துக்கு நான்கரை பார் இறங்கும், 33 நிமிடத்தில் முடிந்தது. அதே ஆள் 15 லிட்டருக்குப் பழகிவிட்டால் 44 நிமிடம் வரும். ஒரே டேங்க், ஒரே ஆழம், பதினோரு நிமிடம் கூடுதல்.

டைவ் முடிந்து வீட்டுக்கு வந்து, போனில் பதிவைத் திறந்தால் இந்த வேகம் நிமிடத்துக்கு நிமிடம் கோடாகத் தெரியும். என் கோட்டில் ஒவ்வொரு டைவிலும் முதல் எட்டு நிமிடம் மேடாக இருந்தது. முதலில் பதற்றம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: ஈயத்தை இரண்டு கிலோ அதிகமாகக் கட்டிக்கொண்டு, மிதவைச் சட்டையான பிசிடியில் காற்றை ஏற்றி இறக்கி, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எடையைக் குறைத்த அடுத்த பயணத்தில் மேடு பாதியானது. பத்து வருடம் கேஜைப் பார்த்து டைவ் செய்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் கேஜ் அந்த நொடியின் அழுத்தத்தை மட்டும் சொல்லும்.

இதோடு சேர்த்து, "இன்னும் இத்தனை நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது" என்ற எண்ணையும் கம்ப்யூட்டர் காட்டும். அதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சில நிமிடங்களில் நீங்கள் மூச்சு விட்ட வேகத்தை வைத்து அது கணக்கிடுகிறது. நீரோட்டத்துக்கு எதிராக ஐந்து முறை துடுப்பு அடித்தாலே எண் சரசரவென்று இறங்கும். டேங்க்கில் எத்தனை பார் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனி கேஜ் விஷயம். டிரான்ஸ்மிட்டர் சிக்னல் அவ்வப்போது அறுந்துபோகும். கேமரா ஃபிளாஷ் பக்கத்தில் இருந்தால் அது சார்ஜ் ஏறும் நொடியில் ரேடியோ தடுமாறும். கம்ப்யூட்டரை இடது கையில் கட்டி, டிரான்ஸ்மிட்டர் வலப்பக்கத் துளையில் இருந்தால் நடுவில் உங்கள் தலையும் டேங்க்கும் நிற்கும். ஒரே பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அரை நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் வராது. கேஜைக் கழற்றியிருந்தால் அங்கேயே டைவ் முடிந்தது, மேலே வர வேண்டியதுதான். கேஜ் இருந்தால் அதைப் பார்த்து நிதானமாக முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் உயர் அழுத்தத் துளை இரண்டு இருக்கும். ஒன்றில் டிரான்ஸ்மிட்டர், இன்னொன்றில் ஒரு சின்ன பித்தளைக் கேஜ். ஹோஸை இடுப்பு வளையத்தில் மாட்டிவிட்டால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும், இடைஞ்சல் ஒன்றுமில்லை. நூறு டைவ் தாண்டி, உங்கள் மூச்சுக் கணக்கு உங்களுக்கே மனப்பாடமான பிறகு வேண்டுமானால் யோசியுங்கள். நான் நானூறைத் தாண்டியும் வைத்திருக்கிறேன்.

டிரான்ஸ்மிட்டருக்கு இன்னொரு எதிரி மனிதக் கை. தியோமான் படகு ஏறுகிற மெர்சிங் படித்துறையில் விடிகாலை ஐந்து மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எல்லைச் சோதனை முடித்து, பேருந்தில் பாதித் தூக்கத்தோடு வந்து இறங்கி, ஆளாளுக்குப் பொருளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்த பையன் ஒருவன், ரெகுலேட்டர் மாட்டிய டேங்க்கை டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பார்க்கக் கைப்பிடி போலத்தான் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல முடியாது. உடையவில்லை, ஆனால் திருகு வளைந்து, டைவுக்கு முன் டேங்க்கைத் திறந்ததும் ஓரத்தில் குமிழி வந்தது. அந்தப் பயணம் முழுக்கக் கேஜை வைத்து முடித்தேன். அன்றிலிருந்து டிரான்ஸ்மிட்டர் மேல் பளிச்சென்ற ஆரஞ்சு டேப்பைச் சுற்றி, "தொடாதே" என்று மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் முதன்முதலாக மாட்டும்போதும் அதன் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து முறுக்க விடாதீர்கள். அடியில் இருக்கிற உலோகத்தில்தான் ஸ்பேனர் பிடிக்க வேண்டும்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் செய்கிற வகை அழகானது, திரை வெளிச்சமாக இருக்கும். தீவு விடுதியிலோ படகிலோ பிளக் பாயிண்ட் இரண்டு, ஆள் பதினாறு என்றால் ராத்திரி வரிசையில் நிற்க வேண்டும். பவர் பேங்க் கொண்டுபோனால் தீர்ந்தது. ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும், எந்தத் தீவிலும் கிடைக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். டிரான்ஸ்மிட்டரில் பல மாடல்களுக்கு சிஆர்2 என்ற குட்டிப் பேட்டரி. அது தியோமானில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். மாற்றும்போது மூடியில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது.

இப்போது எதை வாங்குவது. நீங்கள் செலவழிக்கிற நிலையைப் பொறுத்தது. டிரான்ஸ்மிட்டர் தனியாகவே சில நூறு சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்பதை மறக்காதீர்கள். கடையில் சொல்கிற விலை அதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஷியர்வாட்டர் பெரெக்ரின் டிஎக்ஸ் வாங்குவேன். பெரிய வண்ணத்திரை, இரண்டே பொத்தான், இன்று கம்ப்யூட்டரை மட்டும் வாங்கிவிட்டு அடுத்த வருடம் டிரான்ஸ்மிட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிற பழைய பெரெக்ரின் டிரான்ஸ்மிட்டரோடு பேசாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். தினமும் கட்டிக்கொண்டு அலுவலகம் போகவும் ஓடவும் ஒரே கடிகாரம் வேண்டும் என்றால் கார்மின் டிசென்ட் வரிசையில் ஐ என்று முடிகிற மாடல்கள், அல்லது சுண்டோ ஓஷன். ஸ்கூபாப்ரோ ஜி2வும் நல்ல பொருள். அது இதயத்துடிப்புப் பட்டையையும் சேர்த்துக்கொண்டு உங்கள் உழைப்பைக் கணக்கில் எடுக்கும். ஒரு பிராண்டின் டிரான்ஸ்மிட்டர் இன்னொரு பிராண்டோடு பெரும்பாலும் பேசாது. ஆகவே கம்ப்யூட்டரை முடிவு செய்யாமல், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் டிரான்ஸ்மிட்டரை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். பழைய பொருள் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. நேரில் சந்தித்து, பேட்டரி மூடியைத் திறந்து பச்சைப் பாசி போன்ற துரு இருக்கிறதா என்று பாருங்கள், பதிவேட்டில் கடைசி டைவ் எப்போது என்று பாருங்கள், டேங்க்கில் மாட்டி அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு இசையாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

மனாடோ என்றதால் இரண்டு விஷயம். மனாடோ பக்கத்துப் புனாக்கன் தீவில் சுவர் போலச் செங்குத்தாக இறங்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஹந்துவில் பழகிய கண்ணுக்கு 30 மீட்டர் ஆழம் 15 போலத் தோன்றும். ஆழ எச்சரிக்கையை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நைட்ராக்ஸ் 32 (32 சதவீத ஆக்சிஜன் கலந்த காற்று) எடுத்தால் ஆக்சிஜன் அழுத்தத்துக்கான 1.4 பார் வரம்பில் 33 மீட்டர்தான், கம்ப்யூட்டரிலும் 32 என்று மாற்ற வேண்டும், ஒவ்வொரு டேங்குக்கும் அளந்து பார்த்த பிறகு. அடுத்தது விமானம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டேன் (DAN) அமைப்பின் அறிவுரை. தியோமானிலிருந்து பேருந்தில் திரும்புகிற நமக்கு இந்தப் பழக்கம் இல்லை. டிக்கெட் போடும் முன்பே கடைசி நாளை டைவ் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

புதுக் கம்ப்யூட்டரை நேராக மனாடோவுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹந்துவுக்குக் கட்டிக்கொண்டு போங்கள். படகில் டேங்க்கைத் திறந்ததும் கேஜில் உள்ள எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து, பத்து பார் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, எது கூடுதலாகக் காட்டுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலில் மனதில் ஒரு எண்ணை ஊகித்துவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். முதல் டைவில் முப்பது பார் தப்பாகச் சொல்வீர்கள். மூன்றாவது டைவில் பத்துக்குள் வந்துவிடும்.